தாய்வீட்டுக்குப் போன தீவு

தீவு தீவாகச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று டப்ளினில் இருக்கும் மகள் எல்லா ஏற்பாடும் செய்து அனுப்பியபோது, படகில் ஏறி இறங்கித்தான் தீவுகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தளவாய் நினைத்திருந்தார். கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய் எல்லாம் கட்டி எடுத்து வந்திருந்தார். வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. இங்கே விருந்தாளி எங்கேயும் போக வேண்டாம். தங்கியிருக்கும் தீவே மெல்ல நகர்ந்து போய் அடுத்த தீவின் தோளை உரசிக்கொண்டு நிற்கும். செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு பலகையைக் கடந்தால் அந்தத் தீவு. சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தால், விடியும்போது பக்கத்தில் வேறொரு தீவு நிற்கும்.

“வீடே நம்மள இடுப்புல தூக்கி வச்சுட்டுப் போற மாதிரில்லா இருக்கு,” என்றாள் உலகம்மை, முதல் நாள் காலையில். “பல்லு வெளக்கிட்டு நிமிந்து பாக்கேன், நேத்து எதுத்தாப்புல நின்ன தென்னை பூராவும் முதுகுப் பக்கம் போயிருச்சு. தலை சுத்துதோன்னு பயந்துட்டேன்.”

“தலை சுத்தல. ஊரு சுத்துது,” என்றார் தளவாய்.

அவர்கள் இருந்த தீவுக்குக் கண்டுமா என்று பெயர். ஒரு வாரத்தில் அது அவர்களை நண்டுத் தீவுக்குக் கூட்டிப்போனது. அங்கே கரையெல்லாம் சிவப்பு நண்டுகள். பழத்தோட்டத் தீவுக்குப் போனது. அங்கே உலகம்மை ஒரு பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து, “இன்னும் ரெண்டு நாள் போவணும்,” என்று தோட்டக்காரருக்குத் தீர்ப்புச் சொன்னாள். சந்தைத் தீவில் சங்கு வளையல்களை அள்ளிக்கொண்டு வந்தாள். சின்ன மாமியாருக்கு, ஒன்றுவிட்ட மதினிகளுக்கு, பக்கத்து வீட்டுக்கு, பால்காரர் பெஞ்சாதிக்கு என்று ஆள் ஆளுக்குக் கணக்குப் போட்டு வாங்கியதில் ஒரு பெட்டி நிறைந்துவிட்டது.

தளவாய்க்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். திமிங்கிலம்.

ஆலங்குளத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, வாத்தியார் ஒரு நாள் கரும்பலகையில் திமிங்கிலம் வரைந்தார். தலையைப் பெரிதாக ஆரம்பித்துவிட்டார். வாலுக்குப் பலகையில் இடம் பற்றவில்லை. மனிதர் அசரவில்லை. சாக்பீஸை எடுக்காமல் அப்படியே சுவரில் இழுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வாலை முடித்தார். பலகையை அழித்த பிறகும் அந்த வால் அடுத்த வெள்ளையடிப்பு வரை சுவரில் இருந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டிய உடம்பைத் தளவாய் அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்.

கண்டுமா நாளை எங்கே போக வேண்டும் என்பதை விருந்தாளிகள்தான் தீர்மானிப்பார்கள். மாலையில் சங்கு ஊதுவார்கள். தீவின் முனையில் இருக்கும் சுக்கான் மேடையில் மூன்று ஓலைக்கூடைகள் வைத்திருக்கும். ஒவ்வொரு கூடையும் ஒரு காட்சி. குடிலுக்கு ஒரு சோழி. எந்தக் கூடையில் சோழி அதிகமோ அந்தத் திசைக்குச் சுக்கான் திரும்பும். திமிங்கிலக் கால்வாய் இரண்டு தடவை தோற்றுப்போனது. ஒரு தடவை இரவில் மின்னும் கடலிடம், இன்னொரு தடவை மூழ்கிய நகரத்திடம்.

தளவாய் தாலுகா ஆபீஸில் தேர்தல் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பெட்டிக்கு அரக்கு வைப்பார், விரலில் மை வைப்பார், கள்ள ஓட்டுப் போட வந்தவனை நடையைப் பார்த்தே பிடிப்பார். ஆனால் யாரிடமும் ஓட்டுக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஆகவே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெருமூச்சு மட்டும் விட்டார். அந்தப் பெருமூச்சு நன்றாக வேலை செய்தது. கொரியாவிலிருந்து வந்த வயதான தம்பதி, கோயம்புத்தூர்ப் புதுமண ஜோடி, கூட்டமாக வந்திருந்த லூதியானா குடும்பம் எல்லோரும் அவருக்காக இரக்கப்பட்டு, வியாழக்கிழமை கூடைக்குத் திமிங்கிலம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லோர் காதிலும், தீவை நடத்தும் கம்பெனி கொடுத்த மொழிபெயர்ப்புப் பொத்தான் இருந்தது. பெருமூச்சுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

புதன்கிழமை காலையில்தான் ஹவ்வா பேசினாள்.

ஹவ்வா அவர்கள் குடிலைக் கூட்டிப் பெருக்க வரும் பெண். அந்தத் தீவுக்காரி. அரிசியும் வெங்காயமும் கொண்டுவரும் தூத்துக்குடித் தோணிக்காரர்களிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றவள். வயிறு நிறைந்து நின்றது. குனிய முடியாமல் குனிந்தவளின் கையிலிருந்து உலகம்மை விளக்குமாற்றைப் பிடுங்கினாள்.

“உக்காரு. எத்தனாவது மாசம்?”

“எட்டு முடியப்போவுதும்மா.”

“முத பிள்ளையா? பின்ன இங்க என்ன செய்யுத? அம்மா வீட்டுக்குப் போவலியா? உங்கள்ல அந்த வழக்கம் கிடையாதோ?”

“எங்கள்லயும் முத பிள்ளை அம்மா வீட்டுலதான்,” என்றாள் ஹவ்வா. சொல்லிவிட்டுக் கடல் பக்கம் கையைக் காட்டினாள். “அம்மா வீடு வெலிமா தீவு. அது அந்தால நிக்குது.”

“தோணியில போயிரலாம்லா?”

“நடுக்கடல்ல தூக்கித் தூக்கிப் போடும்மா. இந்த வயித்தோட எந்தத் தோணிக்காரரும் ஏத்த மாட்டாரு.”

“அப்ப அம்மா இங்க வரட்டும்.”

“அம்மா போன வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கட்டில்ல கெடக்கா. அவளையும் தோணியில ஏத்த முடியாது.” விளக்குமாற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “தெனமும் திரையில பாக்கேன். பேசுறேன். ஒண்ணும் கொறையில்ல.”

அந்தக் கடைசி வார்த்தைதான் உலகம்மையைப் பிடித்து உலுக்கியது. மகளுக்கு டப்ளினில் பேறுகாலம் ஆனபோது விசா வரவில்லை. உள்ளங்கை அகலத் திரையில்தான் பேத்தியின் முகத்தைப் பார்த்தாள். கேட்டவர்களிடமெல்லாம் “தெனமும் பாக்கேன், ஒண்ணும் கொறையில்ல,” என்றுதான் அவளும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

“என்னங்க,” என்றாள், ஹவ்வா போன பிறகு. “இந்தத் தீவு அலையில ஆடுதா?”

“ஆடலியே. டம்ளர்ல காப்பி அப்படியே நிக்கி.”

“அப்ப அந்தப் பிள்ளைய இந்தத் தீவுலயே கூட்டிட்டுப் போனா என்ன?”

தளவாய் சுக்கான் மேடைக்குப் போனார். சுக்கான்காரர் மூசா ஹவ்வாவுக்கு மாமனார். முதல் நாளிலிருந்தே இருவருக்கும் பழக்கம். தீவு ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் மூசா மேற்கு எந்தப் பக்கம் என்று உரக்கக் கூவுவார். தொழுகைக்கு விரித்த பாய்களை ஊர் முழுக்கத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். அதைத் தளவாய் தினமும் வேடிக்கை பார்ப்பார்.

“இது எப்படி மிதக்குது, மூசா பாய்?” என்று ஆரம்பித்தார். நேரே கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

“அடியில கம்பி வலை. அதுல கொஞ்சமா கரண்ட் விட்டா கடல்ல இருக்க சுண்ணாம்பு வந்து ஒட்டிக்கிடும். பவளம் மாதிரி வளரும். உள்ள காத்து அறை. பழைய ஊரு தண்ணிக்குள்ள போயிட்டு. அப்பதான் கம்பெனிக்காரங்க வந்தாங்க. தீவு கட்டித் தாரோம், சும்மாவே தாரோம், சுக்கானை மட்டும் எங்ககிட்ட குடுங்கன்னாங்க.” மூசா சிரித்தார். “சுக்கான்ல என்ன இருக்குன்னு குடுத்துட்டோம்.”

“கூடையில உங்க ஆளுகளும் சோழி போடலாமா?”

“விருந்தாளிக்குத்தான் சோழி. ஊர்க்காரனுக்குக் கெடையாது.”

முப்பது வருஷம் வாக்காளர் பட்டியல் பார்த்த மனிதருக்கு அது சுருக்கென்று தைத்தது. செத்தவன் பெயர் பட்டியலில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். ஊரே பட்டியலில் இல்லாததை இப்போதுதான் பார்க்கிறார்.

“மருமக அம்மாவப் பாக்கணும்னு அழுதாளா?” என்று கேட்டார்.

“அழமாட்டா. ஆனா சாயங்காலம் சங்கு ஊதுனா எந்தப் பக்கம் திருப்புதேன்னு வந்து பாத்துட்டுப் போவா. நானும் என் கையாலயே அவ அம்மாவ விட்டு எட்ட எட்டத் திருப்பிட்டிருக்கேன்.”

சங்கதி, கம்பெனி மேலாளர் ஜெரோமிடம் போனது. ஜெரோம் நாகர்கோவில்காரர், சின்ன வயது. வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு திரிவார். நல்ல மனுஷன், ஆனால் விதி என்ற வார்த்தை இல்லாமல் மூச்சு விடமாட்டார்.

“அண்ணாச்சி, எனக்கும் மனசு இருக்குல்லா. ஆனா இங்க டாக்டர் இருக்காரு, ஆஸ்பத்திரி இருக்கு. அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் இல்ல. கம்பெனிகிட்ட நான் என்ன காரணம் சொல்லுவேன்?”

“நாலாவது கூடை வைக்கலாம்னு சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில எழுதிப் போட்டிருக்கே?”

“அதையும் வாசிச்சுட்டியளா?” ஜெரோம் தலையைச் சொறிந்தார். “பத்துக் குடில்காரங்க கேட்டா வைக்கலாம். ஆனா அது காட்சியா இருக்கணும். வெலிமால மணல் திட்டு இல்ல, பவளம் இல்ல. பாக்கதுக்கு என்ன இருக்கு?”

“மனுசங்க இருக்காங்க.”

“அது காட்சி இல்லியே அண்ணாச்சி.”

கூடவே வந்திருந்த உலகம்மை முன்னால் வந்தாள். “தம்பி, வளைகாப்பு காட்சியா இல்லியா?”

ஜெரோம் யோசித்தார். “எங்க அக்காவுக்கு நடந்தப்போ மூணு கேமரா வச்சு எடுத்தாங்க. காட்சிதான்.”

“நாளைக்குச் சாயங்காலம் ஹவ்வாவுக்கு இங்க வளைகாப்பு. வளையல் போட்டு முடிச்ச ஒடனே பிள்ளைய அம்மா வீட்டுக்கு அனுப்பணும். அதுதான் ரெண்டாம் பாதி. அது வெலிமாலதான் நடக்கும். பாதிப் படம் பாத்தவன் மீதியப் பாக்காம போவானா?”

ஜெரோம் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். “அக்கா, நீங்க கம்பெனியில சேந்திருக்கணும்.”

இருவரும் குடிலுக்குத் திரும்பினார்கள். வாசலில் நின்று தளவாய் சொன்னார்: “நாளைக்கு வியாழக்கெழம.”

“தெரியும்.”

“திமிங்கிலத்துக்கு எல்லாரும் வாக்குக் குடுத்திருக்காங்க. அவங்ககிட்டயே போயி, அது வேண்டாம், இதுக்குப் போடுங்கன்னு நான் கேக்கணும்.”

“ஆமா.”

“நான் ஓட்டுக் கேட்டதே கெடையாது, உலகு.”

“அப்ப ஒரு தடவ கேட்டுப் பாருங்க. ஒண்ணும் கிரீடம் எறங்கிறாது. உங்க திமிங்கிலம் கடல்லதான் கெடக்கும். அந்தப் பிள்ளை வயித்துல இருக்கது அங்கயே கெடக்காது பாத்துக்கிடுங்க.”

மறுநாள் காலை இருவரும் குடில் குடிலாக இறங்கினார்கள். உலகம்மை கையில் தாம்பாளம்: வெற்றிலை, ஒரு தேங்காய், பையிலிருந்த குங்குமச் சிமிழ். தளவாய் வெள்ளை வேட்டி சட்டை. ஒவ்வொரு வாசலிலும் கைகூப்பி, ஊரில் பத்திரிகை வைக்கும்போது சொல்லிப் பழகியதையே சொன்னார்:

“நம்ம வீட்டு விசேஷம். வளைகாப்பு. குடும்பத்தோட வந்திருந்து ஆசீர்வாதம் பண்ணணும். அப்படியே சாயங்காலம் சோழிய நாலாவது கூடையில போட்டுருங்க.”

நம் ஊரில் அடுத்த வீட்டுக் காரியத்துக்கும் நம்ம வீட்டு விசேஷம் என்றுதான் சொல்வோம். காதில் இருந்த பொத்தானுக்கு அது தெரியுமா? உள்ளபடியே மொழிபெயர்த்துவிட்டது. கொரியாக்கார அம்மாள் உலகம்மையை மேலும் கீழும் பார்த்து, கண் கலங்கி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூர்ப் பெண் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். லூதியானாப் பெரியவர் தளவாயின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“இந்த வயசிலா! சிங்கம் ஐயா நீங்கள்!” என்றது பொத்தான்.

தளவாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது நாலு குடில் தாண்டியிருந்தார்கள். “உலகு, இவங்க பிள்ளைத்தாச்சி நீதான்னு நெனச்சுட்டாங்கட்டி!” என்று நடுவழியில் நின்றுவிட்டார். உலகம்மை தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஏதோ யோசித்தாள்.

“அம்பத்தாறு வயசுக்காரி மாசமா இருக்கான்னா நம்புதாங்க பாத்தியளா.”

“நம்பாம? வாய்விட்டு நானே சொல்லியிருக்கேனே.”

“சும்மா சொன்னேன்,” என்று தாம்பாளத்தை எடுத்துக்கொண்டாள்.

திருத்திச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஆனால் முந்திய வாசல்களில் சொன்னது சொன்னதுதான். அதனால் ஒரு நல்லதும் நடந்தது. சாயங்காலம் ஒருவர்கூடச் சும்மா வரவில்லை. கொரியத் தம்பதி பட்டுத் துணியில் ஏதோ சுற்றி எடுத்து வந்தார்கள். லூதியானாக் குடும்பம் மத்தளத்தோடு வந்தது. உண்மையான பிள்ளைத்தாச்சி ஹவ்வாதான் என்று தெரிந்ததும் பெரியவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் மத்தளத்தை நிறுத்தவில்லை.

சமையலறையை உலகம்மை பிடித்துக்கொண்டாள். தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், சர்க்கரைப் பொங்கல், அதிரசம். ஊரிலிருந்து பெட்டிக்குள் துணி சுற்றி எடுத்து வந்த புளிக்காய்ச்சல் முழுவதும் காலி. அவளுடைய புளியோதரைக்குப் பக்கத்தில் தீவுப் பெண்கள் மாசிக் கருவாட்டுச் சம்பல் வைத்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள் மாதிரி பொருந்திப் போயின. சந்தனம் கிடைக்கவில்லை. மஞ்சளைக் குழைத்துக் கன்னத்தில் பூசினார்கள். பெட்டியில் இருந்த சங்கு வளையல் அத்தனையும் வெளியே வந்தது. சின்ன மாமியார் பங்கு, மதினிகள் பங்கு, பால்காரர் பெஞ்சாதி பங்கு எல்லாம் ஹவ்வாவின் கைகளில் ஏறியது. விருந்தாளிகள் ஆளுக்கொன்றாகப் போட்டார்கள். ஹவ்வாவின் மாமியார் ரமீஸா, தாட்டியான மனுஷி, பாட்டெடுத்தாள். ஹவ்வா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். கடைசி வளையலை உலகம்மை போட்டபோது மட்டும் முகம் கோணியது.

“இனிமே அம்மா வீட்டுக்கு அனுப்பணும்,” என்று உலகம்மை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “அதுக்கு வழி உங்க கையிலதான் இருக்கு.”

சங்கு ஊதியது. பத்துக் குடிலுக்கு மேலேயே கேட்டிருந்ததால் மேடையில் நாலாவது கூடையும் இருந்தது.

தளவாயின் அனுபவத்தைக் கேள்விப்பட்ட ஜெரோம், எண்ணும் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டார். வரிசையில் எல்லோரும் போட்டு முடித்த பின் அவர் தன் சோழியை எடுத்தார். பழக்க தோஷத்தில் கை திமிங்கிலக் கூடைக்கு நேரே போய் நின்றது. கூடை மேல் ஒட்டியிருந்த படத்தில் வால் தண்ணீருக்கு மேலே விரிந்திருந்தது. அதை ஒரு கணம் பார்த்தார். கையை இழுத்து நாலாவது கூடையில் போட்டார்.

பிறகு தரையில் துண்டை விரித்து எண்ணினார். ஒவ்வொரு சோழியையும் வெளிச்சத்தில் பார்த்து “செல்லும், செல்லும்,” என்று தள்ளி வைத்தார். மின்னும் கடலுக்குக் கொஞ்சம். மூழ்கிய நகரத்துக்கு அதைவிடக் கொஞ்சம். கொடுத்த வாக்கை மாற்றப் பிடிக்காதவர்கள் திமிங்கிலத்துக்கே போட்டிருந்தார்கள். நாலாவது கூடை அதைவிட இரண்டு கூட இருந்தது. அதில் ஒன்றை எடுத்து அவர் புரட்டினார். பாதி உடைந்த சோழி.

“செல்லாது,” என்றார்.

“என்னங்க!” என்றாள் உலகம்மை.

“ஒடஞ்ச சோழிய ஏத்துக்கிட்டா ஒருத்தன் ரெண்டு துண்டாக்கி ரெண்டு கூடையில போடுவான். செல்லாது.”

மூசா சுக்கானைப் பிடித்த கையோடு நின்றார். தளவாய் இரண்டு குவியலையும் மறுபடி ஒரு தடவை எண்ணினார்.

“வெலிமா. ஒரு சோழி வித்தியாசம்,” என்றார்.

லூதியானா மத்தளம் வெடித்தது. மூசா சுக்கானைத் திருப்பினார். ஒரு கம்பெனி விதியையும் மீறாமல், ஊரே ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியது. மேற்கு எந்தப் பக்கம் என்று கூவ மூசா மறந்துபோனார். ரமீஸாதான் கூவினாள்.

மறுநாள் முழுக்கப் பயணம். மதியம் தளவாய் குடிலுக்குள் உட்கார்ந்து, மிச்சமிருந்த சீர்ப் பலகாரங்களைப் பங்கு பிரித்து ஓலைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே “ஐயோ, ஐயோ, வாங்க!” என்று உலகம்மை அலறினாள். கையில் அதிரசத்தோடு அவர் ஓடி வருவதற்குள் தண்ணீர் மூடிக்கொண்டது. கடலில் ஒரு பெரிய வழவழப்பான வட்டம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது.

“எம்மாடி! எவ்ளோ பெரிய வாலு!” என்றாள் உலகம்மை.

“வாலு மட்டும்தானா?”

“வாலு மட்டுந்தான்.”

தளவாய் அந்த வட்டம் கலையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதிரசத்தைப் பிட்டுப் பாதியை அவளிடம் கொடுத்தார். “எனக்கும் அந்த வாத்தியாருக்கும் அவ்வளவுதான் ராசி,” என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் வெலிமா வந்தது. உண்மையில் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. தாழ்வான வீடுகள், காயப்போட்ட மீன், கொஞ்சம் தென்னை. ஆனால் கரையில் ஊர் முழுவதும் நின்றது. அதற்கு நடுவே ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. இரண்டு தீவுகளும் தொட்டுக்கொண்டபோது ஒரு சின்ன முனகல்தான் கேட்டது. பலகையைப் போடுவதற்குள் கண்டுமாக்காரர்களும் வெலிமாக்காரர்களும் தாண்டிக் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வருஷமாகப் பார்க்காத தங்கச்சிகள், மச்சான்கள், சண்டை போட்டுப் பிரிந்த கூட்டாளிகள். ஹவ்வா ஒருத்தி பிரசவத்துக்குப் போகிறாள் என்றுதான் தளவாய் நினைத்திருந்தார். பார்த்தால் தீவில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு தாய்வீடு இருந்தது.

கட்டிலில் இருந்த அம்மாவால் எழுந்து வர முடியவில்லை. ஹவ்வாவால் வேகமாக நடக்க முடியவில்லை. இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூதியானாப் பெரியவர்தான் முதலில் கட்டில் காலைப் பிடித்தார். தளவாய் மறு காலைப் பிடித்தார். ஜெரோம் கோட்டைக் கழற்றிக் கடாசிவிட்டு மூன்றாவதைப் பிடித்தார். கட்டில் பலகை மேல் வந்தது. ஹவ்வா குனிய முடியாததால், அம்மா கையை உயர்த்தி அவள் வயிற்றில் வைத்தாள். கையை எடுக்கவே இல்லை. விருந்தாளிகளில் ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை என்பதை ஜெரோம் பின்னால் ஆச்சரியத்தோடு சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, கண்டுமா வெலிமாவை ஒட்டியே நின்றிருக்கும்போது, கடல்விமானம் வந்தது. எல்லோரும் வழியனுப்ப வந்தார்கள். ஏறப்போனவள் திரும்பிப் போய் ஹவ்வாவின் காதில் ஏதோ சொன்னாள் உலகம்மை. ஹவ்வா கண்ணை அகல விரித்தாள். பிறகு ரமீஸாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்ன சொன்ன?” என்று ஊர் வந்து சேரும்வரை தளவாய் கேட்டுப் பார்த்தார்.

“பிள்ளை பெத்தவளுக்குக் காய மருந்து எப்படிக் கிண்டிக் குடுக்கணும்னு சொன்னேன்.”

“அதுக்கு ஏன் சிரிச்சா?”

“நான் கிண்டுனது அப்படி.”

பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது. அப்புறம் ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் கம்பெனியின் புது விளம்பரத்தைத் தளவாய் பார்க்க நேர்ந்தது. மின்னும் கடல், திமிங்கிலக் கால்வாய், மூழ்கிய நகரம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: ‘இரண்டு தீவுகள் கைகோக்கும் வளைகாப்பு விழா. விருந்தினர் அதிகம் விரும்பியது.’

அவருக்கு முகம் சுண்டிப்போனது. “பாத்தியா, அதையும் கடைச்சரக்கா ஆக்கிட்டான். ஒவ்வொரு பருவத்துக்கும் தீவுல ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தாத்தான் அம்மாவப் பாக்க முடியுமா? இல்லாத வருஷம் என்ன செய்வாங்க? நான்தான் கூடையத் தொறந்துவிட்டேன். இப்படி ஆகும்னு தெரியாமப் போச்சே.”

உலகம்மை வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். “ஹவ்வாவக் கூப்பிட்டுக் கேளுங்க.”

கூப்பிட்டார். திரையில் ஹவ்வா வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் சங்கு வளையல். பின்னால் மத்தளம் கேட்டது. “இன்னைக்குத்தாம்மா வளைகாப்பு! இப்பதான் வெலிமாவுக்குக் கிளம்புறோம்!” என்று கத்தினாள்.

“யாருக்கும்மா?” என்றார் தளவாய்.

ஹவ்வா திரையைத் திருப்பினாள். மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் ரமீஸா. நரைத்த தலையில் பூ. கன்னத்தில் சந்தனம். முன்னால் மலை மாதிரி வயிறு. ஒரு பக்கம் சரிந்திருந்த அதை அவள் கையால் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்து, தளவாயைப் பார்த்து வெட்கப்பட்டுக் காட்டினாள்.

“போன தடவ எங்க வீட்டுக்காரரோட சித்தி. அடுத்த தடவைக்கும் ஆள் இருக்கு. யாரும் இல்லாட்டி மாமாவுக்கே தலையணையக் கட்டிருவோம்,” என்றாள் ஹவ்வா. சுக்கானிலிருந்து மூசா ஏதோ திட்டுவது கேட்டது. “உங்க வீட்டு அம்மா அன்னைக்குக் காதுல சொல்லிக்குடுத்ததுதான்!” என்று சிரித்தாள் ஹவ்வா.

தளவாய் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெங்காயக் கண்ணீரோ சிரிப்புக் கண்ணீரோ, கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

திரையில் சந்தனக் கிண்ணத்தோடு ஜெரோம் எட்டிப் பார்த்தார். கோட்டு இல்லை. பூப்போட்ட சட்டை. “அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? எட்டாம் மாசம். பத்துக் குடில் கேட்டிருக்கு. காட்சி இருக்கு. விதிப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “ஒரே ஒரு சந்தேகம். நீங்க தேர்தல் பாத்தவரு. இது செல்லுமா, செல்லாதா?”

முப்பது வருஷம் கள்ள ஓட்டுப் பிடித்த மனிதர், ரமீஸாவின் வயிற்றை, வெளிச்சத்தில் சோழியைப் பார்ப்பதுபோல், நிதானமாக ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“செல்லும்,” என்றார்.